பஞ்சவர்ணம் அக்கா வீசாத துண்டு

போன் வந்த காலையில் நான் ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேசியது நான் முன்பு வேலை பார்த்த ஊரில் ஆடு வளர்க்கிற துரைராசு. எடுத்த எடுப்பிலேயே கத்துகிறவன் அவன். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் அவனோடு பேசவே முடியும். அன்றைக்கு அவன் குரல் எழும்பவே இல்லை. "டாக்டரம்மா, அக்கா போயிருச்சு" என்றான். அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றால் பஞ்சவர்ணம் அக்கா மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவது வழக்கம். கை கால் விளங்காமல் போன பிறகும் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் வந்தவர். அந்த நினைப்பில் நான், "புதுக்கோட்டைக்கா? கூட யாரு போயிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் துரைராசு ஓவென்று அழுதான். நெத்திலியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பீர்கள், மீதிப்பேர் அவர் கையால் சோறு தின்றவர்களாக இருப்பீர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஊராட்சித் தலைவராக இருந்தவர் பஞ்சவர்ணம் அக்கா. அந்த ஊர்க் கால்நடைக் கிளை நிலையத்தில் ஆய்வாளராக வேலை பார்த்தவள் நான். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நீங்க எங்க மாட்டுக்கு ஊசி போடுறீக. எங்களுக்கு நீங்கதான் டாக்டரு. பெரிய டாக்டரு வந்தா அவருக்கு வேற பேரு வச்சுக்கிர்றோம்" என்பார். கடைசிவரை நான் டாக்டரம்மாதான்.

அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம். கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டது. புது இடம், முதல் அழைப்பு, நல்லதாகத் தெரியட்டுமே என்று கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன். தொழுவத்தில் நின்றிருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நீங்க வந்திருக்கது கன்னு எடுக்கவா, கல்யாண வீட்டுக்கா?" என்றார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவர் தன் வீட்டுக்காரர் சின்னையாவின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் தலை வழியாக மாட்டிவிட்டார். மடங்கிக் கிடந்த கன்றின் காலை நான் உள்ளே தேடி நேராக்குகிற வரைக்கும் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "அம்புட்டுத்தாண்டி ஆத்தா, அம்புட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னது மாட்டுக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. கன்று விழுந்ததும் எனக்குக் கண்மாய்க் கெண்டைக் குழம்பும் சோறும் போட்டார். நான் கடற்கரைக்காரி, வாய் சும்மா இருக்குமா? "அக்கா, முள் இருக்கு. மீனு எங்க?" என்றேன். அவர் இன்னொரு துண்டு மீனை என் தட்டில் போட்டார். பிறகு, "உப்புத் தண்ணியில ஊறிச் செத்ததைத் தின்னு வளந்த நாக்கு. பழகட்டும், போகப் போகத் தெரியும்" என்றார். எங்கள் சிநேகிதம் இப்படி ஒரு சண்டையில்தான் தொடங்கியது.

பெண்களுக்கென்று அந்த ஊராட்சி ஒதுக்கப்பட்டபோது, சின்னையாவை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊர் அக்காவுக்கு ஓட்டுப் போட்டது. கையெழுத்து இவர் போடுவார், காரியம் அவர் பார்ப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சின்னையா அண்ணனுக்கோ வீட்டில் உப்புக் குறைந்தால்கூட வாய் திறந்து சொல்லத் தெரியாது. பதவியேற்ற கோடையிலேயே முதல் சிக்கல் வந்தது, கண்மாய் மீன்பிடியில்.

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோடையில் கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஊர் கூடி ஒரே நாளில் மீன் பிடிக்கும். அதுவரை கண்மாய் கட்டு. ஒருவரும் தூண்டில்கூடப் போடக்கூடாது. அந்த நாளில் சுற்றுப்பட்டு சனமெல்லாம் வலையும், மூங்கிலில் கூடை மாதிரிப் பின்னிய ஊத்தாவுமாகக் கரை முழுக்க நிற்கும். ஊர்த் தலைமை கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை உயர்த்தி வீச வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். அதை ஒரு பொம்பளை எப்படி வீசுவது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பேசிப் பேசிக் கடைசியில், அக்கா பக்கத்தில் நிற்பது, சின்னையா வீசுவது என்று முடிவானது. நல்ல வெயில். சின்னையா அண்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் கண்கள் தன்னைப் பார்ப்பதில் வெலவெலத்துப்போய் நின்றார். அக்காவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. சேலை முந்தானையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான்! ஓவென்று ஒரு சத்தம். மொத்தக் கரையும் தண்ணீருக்குள் விழுந்தது. சின்னையா அண்ணன் வீசாத துண்டோடு திகைத்து நிற்கிறார். முணுமுணுத்த பெரியவர்களே இடுப்பளவுத் தண்ணீரில் ஊத்தாவைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். இனி யாரை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, இந்தக் கைக்கு இம்புட்டு இருக்கா? இனிமே சூதானமா இருக்கணும்" என்றார். அதற்கப்புறம் துண்டு அக்காவின் கைக்கு வந்துவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத்தான் யுரேனியம் என்ற சொல் ஊருக்குள் வந்தது. பாறைக்கடியில் அது இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறோம் என்று ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். கண்மாய்க்கு மேற்கே தரிசில் ஒரு துளை போட்டார்கள். அடுத்த துளைகளுக்குக் கண்மாயின் உள்ளேயே, தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்த உள்வாய்ப் பகுதியில், கல் நட்டு பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கண்மாய்தான் ஊருக்கு எல்லாமும். அது நிறைந்தால் கிணறு ஊறும், அடிகுழாயில் தண்ணீர் வரும், ஆடு மாடு பிழைக்கும். ஒரு சோதனைத் துளையில் தண்ணீர் கெட்டுவிடுமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அக்காவும் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பாத்துட்டுச் சும்மா போறதுக்கா இம்புட்டுத் தூரம் வாரான்? இருக்குன்னு தெரிஞ்சா தோண்டுவான்ல? தோண்டுனா அந்த மண்ணை எங்க கொட்டுவான்? மழை பேஞ்சா அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்? இதுக்குப் பதிலைச் சொல்லிட்டுக் கல்லை நடட்டும்." பதில் சொல்ல வந்தவர்கள் மேப்பை விரித்தார்கள். அக்கா மேப்பைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராமசபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். அதன் பிறகும் கல் நட்ட இடத்திலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆடுகள் செத்தன. துரைராசுவின் கிடையில் காலையில் துள்ளிக்கொண்டு போன ஆடுகள், மதியத்துக்குள் வாயில் நுரை தள்ளி ஒவ்வொன்றாக விழுந்தன. துளை போட்டபோது வழிந்த சேற்றுத் தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. அதைக் குடித்துத்தான் செத்தன என்று ஊரே கொதித்தது. டிவிக்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டார்கள். நான் போய் வயிற்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சோளத் தழை. தண்ணீர் பற்றாமல் வாடி நின்ற இளஞ்சோளம் ஆட்டுக்கு நஞ்சு. ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பக்கத்துக் கொல்லையில் வேலி சாய்ந்து கிடந்ததை ஆத்திரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. சொன்னேன். துரைராசு என் முன்னால் வந்து நின்றான். "நீங்க யாரு பக்கம் டாக்டரம்மா? கம்பெனிக்காரன் உங்களையும் பாத்துட்டானா?" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இனி இந்த ஊர் மாட்டைத் தொட்டால் என் பெயர் வேறு என்று வாய்விட்டே சொன்னேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அக்கா பின்னாலேயே வந்தார். சமாதானம் பேச வருகிறார் என்று பார்த்தால், அங்கேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டு, துரைராசுவையும் இழுத்துவரச் சொன்னார். எல்லோர் முன்னாலும் அவனிடம், "சோளத்தைத் தின்னு செத்த ஆட்டை வச்சு நாம செயிச்சோம்னு வையி. நாளைக்கு நெசமாவே தண்ணி கெட்டு ஆடு விழுந்தா, வந்து பாருங்கன்னு யாரைக் கூப்பிடுவ? எவன் நம்புவான்? இந்த அம்மா சொன்னது நமக்கு வலிக்குதுதான். வலிக்கிறதைச் சொல்ல ஊருக்கு ஒரு ஆளு வேணும்டா" என்றார். டிவிக்காரர்கள் வந்தபோது அவரே போய், "ஆடு சோளத்துல போச்சுங்க. தண்ணி இன்னும் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கப்பவே வேணாங்கிறோம், அதை எழுதிக்கங்க" என்றார். அவர்கள் அதைப் போடவே இல்லை. தண்ணீரால் செத்த ஆடு கிடைக்காத ஏமாற்றம் அவர்களுக்கு. துரைராசு பிறகு என் வீட்டு வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் அவனை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து வந்ததுதான் அந்த நாள். மீன்பிடிக்கு நாள் குறித்து, கரையில் சனம் கூடி நின்ற அதே காலையில் துளை போடுகிற போர் வண்டி வந்தது. வேண்டுமென்றே அந்த நாளாகப் பார்த்து வந்தார்களா, தெரியாமல் வந்தார்களா, எனக்குத் தெரியாது. முன்னால் போலீஸ் வேன், நடுவில் போர் வண்டி, பின்னால் வருவாய்த்துறை அதிகாரி ஒருவரின் ஜீப். கரை வழியாகத்தான் உள்வாய்க்கு இறங்க முடியும். வண்டியைப் பார்த்ததும் மீன் பிடிக்க வந்த கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. வலைக் கம்பு, ஊத்தா, சில கைகளில் கடப்பாரையும் இருந்தது. துரைராசு ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு கல் விழுந்தால் போதும். வேனிலிருந்து போலீஸ் இறங்கும், வழக்கு வரும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த பிள்ளைகளின் கதி அதோடு முடியும். வண்டி மறுநாள் இன்னும் பெரிய காவலோடு வந்து நிற்கும். அத்தனை பேரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் வெள்ளைத் துண்டு இருந்தது.

அக்கா கரைமேல் அப்படியே உட்கார்ந்தார். துண்டை நாலாக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். அதிகாரி இறங்கி வந்தார். மரியாதையான மனிதர்தான். "அம்மா, வழி விடுங்க. நீங்க பாட்டுக்கு மீன் பிடிங்க, நாங்க பாட்டுக்கு ஓரமா வேலையைப் பார்க்கிறோம்" என்றார்.

"கண்மாய் கட்டுல இருக்கு சார். துண்டு வீசுற வரைக்கும் யாரும் உள்ள எறங்கக் கூடாது."

"அது மீன் பிடிக்கிறவங்களுக்குத்தானே?"

"கட்டுன்னா கட்டுதான் சார். ஆளுக்கு ஒண்ணு, மிசினுக்கு ஒண்ணுன்னு வைக்கல. பாருங்க, எங்க ஊருப் புள்ளைக விடியமுன்ன இருந்து நிக்குதுக. ஒருத்தன் கால் நனையல. அவங்க அடங்கி நிக்கிறப்ப நீங்களும் செத்த நேரம் அடங்கி நிக்கக் கூடாதா?"

"சரி, அப்போ துண்டை வீசுங்க. முடிச்சிட்டு வழி விடுங்க."

"வீச மாட்டேன்" என்றார் அக்கா. "இந்த வருசம் மீன்பிடி இல்லை."

கூட்டம் திடுக்கிட்டது. அவர் யாரையும் கலந்துகொள்ளவில்லை. அந்த நிமிடம்தான் அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் துரைராசு கல்லைக் கீழே போட்டுவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தான். அப்புறம் கரை முழுக்க உட்கார்ந்தது. வெயில் ஏறியது. நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அவர் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஈ உட்கார்ந்தது. அவர் கையைத் தூக்கவே இல்லை. அந்த முதல் வருசத்தை அவர் மறந்திருக்கவில்லை. கை எழும்பினால் கரை எழும்பும். இந்தத் தடவை மீன்மேல் பாயாது, வண்டிமேல் பாயும். என் பக்கம் திரும்பாமலேயே, "டாக்டரம்மா, கண்ணு எரியுது. தொடச்சு விடுங்க" என்றார். என் முந்தானையால் துடைத்தேன். வழிய வழியத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் கை எழும்பினால் யாரும் பாயமாட்டார்கள். வெளியூர்க்காரியாக இருப்பதில் அப்படி ஒரு வசதி.

பொழுது சாயும்போது அந்த அதிகாரி மறுபடி வந்து அக்காவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மக்கள் சம்மதிக்கவில்லை, இப்போதைக்கு வேலையை நிறுத்திவைக்கிறோம் என்று மேலே எழுதுவதாகச் சொன்னார். வண்டி பின்னோக்கியே போய்த் திரும்பியது. கரையில் விசில் பறந்தது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "வேணாம்னா சொல்லிட்டுப் போறான்? இப்போதைக்குன்னுதான சொல்றான்?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கல்லும் பெயிண்டும் அங்கேயேதான் இருந்தன. அதனால் கட்டும் நீடித்தது.

அந்தக் கோடை மறக்க முடியாதது. தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் துள்ளுவது கரையிலிருந்தே தெரியும். தொடை கனத்துக்கு விரால்கள்! கொக்குகளும் நாரைகளும் வந்து ராசா மாதிரித் தின்றன. ஊர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்தது. மீன் நாறத் தொடங்கியபோது சிலர் அக்காவின் வாசலில் வந்து சண்டையே போட்டார்கள். "மீனு அடுத்த மழைக்கு வந்துரும். தண்ணி போனா எந்த மழைக்கு வரும்?" என்று திருப்பி அனுப்பினார். எனக்கோ ஊர் நிலைமை வியப்பாக இல்லை. "எங்க ஊர்லயும் தடைக்காலத்துல போட்டைக் கட்டிப்போட்டுட்டுக் கடலைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருப்போம் அக்கா" என்றேன். "அப்ப உப்புத்தண்ணிக்காரிக்கும் அறிவு இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கோடையில் நான் ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தேன். மூச்சுவிடாமல் தின்றார். ருசி எப்படி என்று கேட்டேன். இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. பெயிண்ட் அடித்த கற்கள் தண்ணீருக்கடியில் போயின. அடுத்த கோடையில் வண்டி வரவில்லை, அக்கா துண்டு வீசினார். அதற்கடுத்த கோடைகளிலும் வீசினார். பதவி போன பிறகும் ஊர் துண்டை வேறு கைக்கு மாற்றவில்லை. நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்ட பிறகும் மீன்பிடிக்குத் தவறாமல் போவேன். கெண்டைக் குழம்பில் முள்ளைக் குறை சொல்வேன். இரண்டு தட்டு சோறு தின்பேன்.

போன கோடையில் போனபோது அவருக்கு வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சும் கொஞ்சம் குழறியது. கட்டிலோடு தூக்கிவந்து கரையில் வைத்தார்கள். இடது கையால் வீசச் சொன்னார்கள். "வீசுன கைதான் வீசும்" என்று பிடிவாதம். என்னைப் பார்த்தார். "தூக்கி விடுங்க டாக்டரம்மா." விளங்காத அந்த விரல்களுக்குள் துண்டைச் சுற்றிக் கொடுத்தார் சின்னையா அண்ணன். நான் முழங்கைக்குக் கீழே என் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினேன். கன்று, கிடா என்று எத்தனையோ கனத்தைத் தூக்கியிருக்கிறேன். அந்த மெலிந்த கை அப்படிக் கனத்தது. துண்டு காற்றில் ஒருமுறை அசைந்ததும் ஓவென்று சத்தம். அக்கா குழந்தை மாதிரிச் சிரித்தார். முதல் வருசம் சிரிக்காமல் விட்ட சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார் என்றே எனக்குப் பட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கைகளின் கட்டை விரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. எல்லோருக்கும் கட்டுவதுதான். ஆனாலும் என்னால் அந்தக் கட்டைப் பார்க்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். கண்மாய்க் கரை வழியாகத்தான் எடுத்துப் போனார்கள். இந்த வருச மீன்பிடி இன்னும் நடக்கவில்லை. தண்ணீர் இறங்கி, கற்களின் தலை தெரிந்தது. பெயிண்ட் இன்னும் அழியவில்லை. துளை போட அனுமதி கேட்ட அந்தப் பழைய பேப்பர் ஆபீசில் மறுபடி நகர்கிறது என்று துரைராசு என் காதருகே சொன்னான்.

இனித் துண்டு யார் கையில் என்பதை ஊர் பேசி முடிவு செய்யும். வெளியூர்க்காரி நான் அதில் தலையிடமாட்டேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கையின் கனத்தைத்தான். நெத்திலி அலசும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அது என் உள்ளங்கையில் இருக்கிறது. அவர் கொடுத்த வேலை ஒன்றும் என்னிடம் பாக்கி இருக்கிறது. போர் வண்டி திரும்பி வரும் நாளில், கரைமேல் கையைத் தூக்காமல் உட்காரப்போகிறவர் யாராக இருந்தாலும் சரி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். வேர்வை துடைக்க நான் வருவேன்.